அம்மா கேட்ட அட்டியல்

அண்ணி,

இன்று காலை பால் வாங்கப் போனேன். பள்ளிக்கூட மதிலோரம் நிற்கும் மஞ்சாடி மரத்தின் நெற்றுகள் மழையில் வெடித்து, விதைகள் தார் ரோட்டில் சிவப்பாகக் கொட்டிக் கிடந்தன. கழுவித் துடைத்து வைத்தது போல ஒவ்வொன்றும் மினுங்கிற்று. என்னை அறியாமல் குனிந்து பொறுக்கத் தொடங்கிவிட்டேன். பின்னால் வந்த முச்சக்கர வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்து, "என்னத்தம்மா தொலைச்சீங்க? நானும் தேடட்டா?" என்று கேட்டார். ஒன்றும் தொலைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து விதைகளைக் குசினி மேசையில் கொட்டிவிட்டு உட்கார்ந்தால், அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. உங்களோடு பேச வேண்டும் போல இருந்தது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் நான் கேட்டுக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா உக்குவளையில் ரயில் கேட் காவலர். பாதையை ஒட்டிய சின்ன அரசாங்க வீட்டில்தான் இருந்தோம். அண்ணன் மாத்தளை முதலாளி ஒருவரின் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். கண்டிப் பக்கத்தில் ஒரு கன்னியர் மடத்துக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் இறக்கப் போவார். அங்கே வளர்ந்த உங்களைப் பார்த்தார், பேசினார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கல்யாணப் பதிவும் எழுதிவிட்டார். லொறியின் முன் இருக்கையிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். கையில் ஒரு துணிப்பையும் ஒரு பிஸ்கட் டின்னும். டின்னை மட்டும் மார்போடு அணைத்திருந்தீர்கள்.

அம்மா வாசலுக்கு வந்தார். அண்ணனைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து குசினியிலிருந்து குரல் வந்தது. "சோறு இருக்கு. போட்டுத் தின்னு. அந்தப் புள்ளைக்கும் போடு."

அன்றிலிருந்து வருடக்கணக்கில் நீங்கள் 'அந்தப் புள்ள'தான். அம்மா உங்களை ஏசியதில்லை. உங்கள் பீங்கானில் மீன் துண்டு குறைந்ததில்லை. காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்து என்னிடம் கொடுத்து, "அந்தப் புள்ளகிட்ட குடு" என்றார். நேரே மட்டும் பேசமாட்டார். பட்டினி போட்டிருந்தால் சண்டை பிடிக்கலாம். வயிறு நிறையச் சோறு போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறவரோடு என்ன சண்டை பிடிப்பது? தாய் தகப்பன் யாரென்று தெரியாத பெண், கழுத்தில் சின்னச் சிலுவை, அதற்கும் மேலாகத் தன்னைக் கேட்காமல் கல்யாணம் கட்டிக்கொண்ட மகன். அம்மாவுக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது. அண்ணன் லொறியோடு தம்புள்ளைக்கும் அனுராதபுரத்துக்கும் போய்விடுவார். அந்த மௌனத்துக்குள் இருந்தது நீங்கள்தான்.

பகல் சாப்பாடு முடிந்ததும் முன்னறையில் பாயை விரித்து, பிஸ்கட் டின்னைத் திறப்பீர்கள். ஊசிகள், பட்டு நூல்கள், வட்டச் சட்டம், துணியில் முடிந்த பாசிமணிகள். மணிகளை இனாமல் பீங்கானில் கொட்டி, ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் கோப்பீர்கள். எங்கள் வீட்டில் ரயில் வந்தால் சுவரே ஆடும். ஆனால் ரயில் சத்தம் எங்களுக்குக் கேட்கும் முன்பே உங்கள் இடது கை பீங்கானைத் தூக்கிவிடும். ரயில் போய் முடிந்து, தரை அடங்கியதும் திரும்பக் கீழே வைப்பீர்கள். ஒரு மணி சிந்தியதில்லை. கேட் காவலர் பெண்ணான எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"தரை சொல்லுது சரசு. நீ கேக்குறதில்ல" என்றீர்கள்.

பூவேலையும் மணிவேலையும் தெரிந்த பெண்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். மடத்தில் உங்களோடு படித்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும் என்று நீங்களே சொல்வீர்கள். எனக்கு வியப்பாக இருந்தது வேறு விஷயம். யாருக்குச் செய்யப் போகிறீர்களோ, அவரை முதலில் பார்ப்பீர்கள். வாரக்கணக்கில் பார்ப்பீர்கள். ஊசி எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்பாவுக்கு முதலில் செய்தீர்கள். அப்பா ஒவ்வொரு ரயிலுக்கும் விசிலைத் தேடுகிறவர். சட்டைப் பையில், காற்சட்டைப் பையில், பலகைக்கடியில், கடைசியில் வாயிலேயே இருக்கும். நீங்கள் நீலமும் மஞ்சளுமாக மணி கோத்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சரம் செய்து கொடுத்தீர்கள். அப்பா அதைப் போட்டுக்கொண்டு கேட்டடியில் நிற்கிற நிற்பே மாறிப்போயிற்று. கண்டியிலிருந்து வந்த ரயில்வே இன்ஸ்பெக்டர், இது என்ன சீருடையில் இல்லாத சாமான் என்று கேட்டாராம். "மருமக போட்ட மாலைங்க ஐயா, கழட்டச் சொல்லாதீங்க" என்றாராம் அப்பா. அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணனுக்கு லொறிக் கண்ணாடியில் தொங்கவிட ஒரு மணிச்சரம். நான் அழகுக்கு என்றுதான் நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு, தம்புள்ளைப் பாதையில் நாலந்தா தாண்டி நேர் ரோட்டில் ஓட்டும்போது அண்ணனுக்குக் கண் சொருகும் என்பதை அவர் பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்து பிடித்திருக்கிறீர்கள். லொறி கொஞ்சம் அலைந்தாலும் அந்தச் சரம் கண்ணாடியில் டக்கென்று அடிக்கும். "உங்க அண்ணி லொறிக்குள்ளயும் உக்காந்து தட்டி எழுப்புறா" என்று அண்ணன் குறைபட்டுக்கொள்வார். அந்தக் குறையில் எவ்வளவு பெருமை!

எனக்குத் தொங்கட்டான். நான் ஊரிலேயே உயரமான பெண். அது வெளியே தெரியக்கூடாது என்று தோளைக் குறுக்கி, கூனித்தான் நடப்பேன். பச்சை மணியில் நீளமாக, தோளைத் தொட்டும் தொடாமலும் ஆடுகிற அளவுக்குச் செய்தீர்கள். குனிந்தால் அது தோளில் மடங்கிச் சிக்கும். நிமிர்ந்தால் ஒழுங்காகத் தொங்கும். "அழகா இருக்கணும்னா நீ நிமிந்துதான் ஆகணும். வேற வழி இல்ல" என்று கண்ணாடியைக் காட்டினீர்கள். அந்த வருடம் மாத்தளைத் தேருக்கு நிமிர்ந்துதான் போனேன். தெருவில் என்னை யாரும் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று நான்தான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன்.

எல்லோருக்கும் செய்தாகிவிட்டது, அம்மாவைத் தவிர. அம்மாவுக்கும் ஏதாவது செய்து கொடுத்தால் மனம் இளகுமே என்று நான் சொன்னேன். ஊசியைத் துணியில் குத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"கோவமா இருக்கறவங்களுக்குச் சாமான் குடுத்தா அதுக்குப் பேரு லஞ்சம், சரசு. அத்தைக்கு நான் லஞ்சம் குடுக்க மாட்டேன்."

"அப்ப எப்பத்தான் குடுப்பீங்க?"

"அவங்களுக்கு வேணும்னு தோணுற அன்னிக்கு."

அதற்காக நீங்கள் அம்மாவைப் பார்க்காமல் இருக்கவில்லை. மற்ற எல்லோரையும் விட அவரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறீர்கள் என்று பின்னால்தான் புரிந்தது. நீங்கள் வருவதற்கு முன்பே அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி வந்து, கண்டி ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்திருந்தார்கள். காயம் ஆறியது, தழும்பு மட்டும் தடித்துக் கயிறு போல நின்றுவிட்டது. கோயிலில் யாரோ ஒரு பெண், "கழுத்த அறுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அம்மாவின் காதில் விழுந்தது. அதன் பிறகு சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து ஊசி குத்திக்கொள்வார். எந்த வெயிலிலும் எடுக்கமாட்டார். கோயில், கல்யாணம், சாவு வீடு, எதற்கும் போவதில்லை. நாங்கள் யாரும் அந்தத் தழும்பைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பாகூடப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு என் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை மாத்தளைப் பட்டணத்தில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத வருடங்கள் அவை. பாண் ரொட்டிக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும், கல்யாண வீட்டில் சோறு போடவே யோசிக்க வேண்டும். புதுச் சேலைக்கு வழியில்லாமல், வீட்டில் இருந்த சாதாரணச் சிவப்புச் சேலை ஒன்றை எடுத்து, அதன் கரை முழுக்க நீங்கள் மஞ்சள் பட்டு நூலால் கொடியும் இலையும் தைக்கத் தொடங்கினீர்கள். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன். எனக்கு அதற்குமேல் வராது.

மண்டபம் பேசிவிட்டு வந்த அன்று அம்மா அப்பாவிடம் சொன்னார்: "நான் மணவறைக்கு வரல்ல. தங்கச்சி வந்து தாரை வார்க்கட்டும். நான் வீட்டுல இருந்து சமையலப் பாத்துக்கிறேன்."

அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அண்ணன் கத்தினார். நான் அழுதேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. என்னைப் பெற்றவர் இருக்கும்போது சித்தி எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் கொடுப்பதா? அதை நினைத்தாலே எனக்குக் கல்யாணமே வேண்டாம் போலிருந்தது. உங்களிடம் வந்து, நீங்களாவது கேளுங்கள் என்றேன். "நான் கேட்டா வர்றவங்களும் வரமாட்டாங்க" என்றீர்கள். அதுவும் சரிதான்.

சித்தி கண்டியிலிருந்து வந்து இறங்கினார். நல்லவர், வாய் ஓயாமல் பேசுகிறவர். என் சேலைக் கரையைப் பார்த்ததும், "பொண்ணோட அம்மா எடத்துல நிக்கப் போறேன், எனக்கும் ஏதாச்சும் செஞ்சு குடும்மா" என்று உங்களிடம் கேட்டார். நீங்கள் மறுக்கவில்லை. டின்னில் இருந்த கடைசிக் கண்ணாடி மணிகளை எடுத்து மாலை கோக்க உட்கார்ந்தீர்கள். சித்தி பக்கத்தில் இருந்து, இங்கே சிவப்பு வை, அங்கே பச்சை வை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா குசினி வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை வாசலுக்கு வரும்போதும் கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

பின்னால் ஒரு நாள் உங்களிடம் கேட்டேன், வேண்டுமென்றுதான் செய்தீர்களா என்று. "சித்தி கேட்டாங்க, செஞ்சேன்" என்றீர்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மாலை முடிந்த மறுநாள், பகல் ரயிலுக்குச் சற்று முன்பு. சித்தி குளிக்கப் போயிருந்தார். நீங்கள் பாயில் இருந்து, மிஞ்சிய வெள்ளை மணிகளைப் பீங்கானில் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் சேலையை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து எதிரில் நின்றார். என்னைப் பார்த்து ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணு செஞ்சு தருவியா?" என்றார்.

உங்கள் கை அப்படியே நின்றுவிட்டது. ரயில் வந்தது. சுவர் ஆடியது, கண்ணாடி கிணுகிணுத்தது. நீங்கள் பீங்கானைத் தூக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்க அது பாயின் விளிம்பில் ஆடிக் கவிழ்ந்து, வெள்ளை மணிகள் அறை முழுக்க ஓடின. ரயில் போய் முடியும்வரை நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"கழுத்த மறைக்கிற மாதிரி" என்றார் அம்மா, இன்னும் மெதுவாக.

"செய்றேன் அத்தை. ஆனா அளவு எடுக்கணும். சேலைய எடுங்க."

அம்மாவின் கை கழுத்துக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. நீங்கள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தீர்கள். என்னை வெளியே போகச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சொல்லவில்லை. அம்மா ஊசியைக் கழற்றினார். தலைப்பு விழுந்தது. இத்தனை வருடம் கழித்து என் அம்மாவின் கழுத்தை அன்றுதான் பார்த்தேன். நீங்கள் ஒரு நூலை எடுத்துத் தழும்பின் மேல் வைத்து அளந்தீர்கள். விரல் பட்டதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"வலிக்குதா அத்தை?"

"இல்ல. யாரும் தொட்டதில்ல, அதான்."

நீங்கள் அளந்த இடத்தில் நூலில் ஒரு முடிச்சுப் போட்டீர்கள். பிறகு கையைத் தழும்பின் மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தீர்கள். அதற்கு அளவெடுப்போடு ஒரு சம்பந்தமும் இல்லை.

செய்வதாகச் சொல்லியாயிற்று, மணிக்கு எங்கே போவது? கடைகளில் இல்லை. தேர்க்காலத்தில் பாசிமணி கொண்டுவரும் வியாபாரியும் கையை விரித்துவிட்டார். சித்தியின் மாலையை அவிழ்க்கலாமா என்று நான் கேட்டபோது அம்மாவே தடுத்தார். "குடுத்தத வாங்காத. ஸ்டேசனுக்குப் பின்னால மஞ்சாடி மரம் நிக்குது. நான் போய்ப் பொறுக்கிட்டு வர்றேன்." வெளியே தலை காட்டாத அம்மா, நல்ல வெயிலில், கையில் ஓலைப் பெட்டியோடு ரயில் பாதையோரம் நடந்து போனார். அப்பா கேட்டடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். விசில் அடிக்கவும் மறந்து போனார் என்று அண்ணன் பின்னால் கேலி செய்வார்.

விதைகளைச் சுடுநீரில் ஊறவைத்து, ஊசியை நெருப்பில் காய்ச்சி ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டும். நீங்களும் அம்மாவும் அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்தீர்கள். குசினிக்கு வெளியே நின்று காது கொடுத்தேன்.

"இப்படிப் புடிச்சா ஊசி ஒடையும் அத்தை."

"எனக்குத் தெரியும்."

"தெரியாது. ஏற்கனவே ஒண்ண ஒடச்சிட்டீங்க."

"நீ ஒடைக்கவே இல்லையோ? பொறந்தப்பவே ஊசியோட பொறந்தியோ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எங்கள் வீட்டில் மாமியாரும் மருமகளும் சண்டை பிடிக்கிறார்கள்!

அப்பா ரயிலை நிறுத்தக் காட்டிவந்த, கிழிந்த பழைய சிவப்புக் கொடியில் ஒரு பட்டையை வெட்டி, மடித்துத் தைத்து, உள்பக்கம் தழும்பை உரசாதபடி பழைய மல்துணி வைத்தீர்கள். அதன் மேல் மஞ்சாடி விதைகள் நெருக்கமாக இரண்டு வரிசை. ஓரத்தில் தரையில் பொறுக்கிய வெள்ளை மணிகள். நடுவில் மஞ்சள் பட்டில் சின்னச் சின்ன இலைகள், என் சேலைக் கரையில் இருந்த அதே இலைகள். கல்யாணப் பெண்ணின் தாய் யார் என்று யாரும் கேட்கத் தேவையில்லாதபடி செய்திருந்தீர்கள்.

கல்யாணத்தன்று அம்மா தலைப்பைத் தோளோடு குத்தி, கழுத்தில் அந்த அட்டியலோடு மண்டபத்துக்குள் வந்தார். அப்பா உரக்கச் சொன்னார்: "என் கொடியப் போட்டிருக்கா. இனி இவ குறுக்க வந்தா ரயிலும் நிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். சித்திக்கு வருத்தம் இல்லை. தன் மாலையோடு மண்டபமெல்லாம் சுற்றி வந்தார். அம்மா தாரை வார்த்தபோது செம்புத் தண்ணீர் என் மடியிலும் சிந்திற்று. பின்னால் நின்ற நீங்கள் என் முதுகில் ஒரு விரலால் தட்டி, "நிமிந்து இரு" என்றீர்கள்.

மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் அட்டியலை உற்றுப் பார்த்து, எந்தக் கடையில் வாங்கியது என்று அம்மாவிடம் கேட்டார்.

"கடையிலயா? எம் மருமக செஞ்சது" என்றார் அம்மா. திரும்பி உங்களைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இந்தா, இவதான்."

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். உங்களை நான் அப்படிப் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அதன் பிறகு நீங்கள் இருவரும் பிடித்த சண்டைகளை யார் எழுதி முடிப்பது? உப்புக்கு, புளிக்கு, பிள்ளைக்குத் தலை வாருவதற்கு, ஞாயிறு பூசைக்கு நேரமாகிவிட்டதற்கு. நான் தாய்வீடு வரும்போதெல்லாம் கேட்டைத் தாண்டும் முன்பே இரண்டு குரலும் கேட்கும். அம்மா கடைசியாகப் படுத்தபோது உங்களைத் தவிர வேறு யாரையும் தொட்டுத் துடைக்க விடவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்: "எனக்குத் தாய் இல்லன்னு இனி யாரும் சொல்ல முடியாது சரசு. இருந்தாங்க. நல்லா சண்டை புடிப்பாங்க."

இப்போது நீங்களும் இல்லை. உங்கள் கைவேலை எனக்கு வரவில்லை. உங்கள் மகள் தைக்கிறாள், நன்றாகவே தைக்கிறாள், அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. என்னிடம் தங்கியது வேறு ஒன்று.

எங்கள் அடுத்த வீட்டில் சுமனா என்று ஒரு சிங்கள அம்மா தனியாக இருக்கிறார். போன வருடத்திலிருந்து அவருக்குக் கிட்ட நின்று கத்தினால்தான் காது கேட்கும். பாவம் என்று எல்லோரும் பழமும் கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான் வெறுங்கையோடுதான் போனேன். அவர் சமைக்கும்போது பக்கத்தில் இருந்தேன், பல நாள் இருந்தேன். அவர் வெங்காயம் நறுக்கினால் கொஞ்ச நேரத்துக்கொருதரம் திரும்பிப் பார்ப்பார். கறியைக் கிளறினால் திரும்பிப் பார்ப்பார். விரலில் கத்திக் காயங்கள். வாசல் அவருக்கு முதுகுப் பக்கம். யாராவது உள்ளே வந்தாலும் தெரியாதே என்ற பயம். வாய்விட்டு அவர் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

போன வாரம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி, ஆளைக் கூப்பிட்டு, அவர் அடுப்புக்கு மேலே சுவரில் வாசல் தெரியும்படி சாய்த்து அடிக்கச் சொன்னேன். சுமனா கண்ணாடியைப் பார்த்தார். அதில் வாசலும் படியும் தெருவும் தெரிந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றவர் என் பக்கம் திரும்பி, தன் மொழியில், "உனக்கு எப்படித் தெரிந்தது? யார் சொன்னது?" என்று கேட்டார்.

"எங்க அண்ணி" என்றேன். கேட்கவில்லை, காதில் கையை வைத்துக்கொண்டு கிட்ட வந்தார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். இன்னும் சத்தமாக. அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.